துணைப்பண்பாடும் எதிர்ப்பண்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகவியல் பாடம் நடத்தும் இடத்திலும், நூலக வாசகர் வட்டத்திலும், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும்கூட இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சில பதில்கள் முந்தைய பதில்களைத் தொட்டுப் போகும், எண்கள் அதற்காகத்தான்.

1. துணைப்பண்பாடு, எதிர்ப்பண்பாடு ரெண்டும் ஒண்ணுதானே? ஊரோட ஒத்துப்போகாதவங்கதானே ரெண்டு பேரும்?

இல்லை. பெரிய சமூகத்துக்குள் இருந்துகொண்டே தனக்கென்று ஒரு பேச்சு, உடை, பாட்டு, மரியாதைக் கணக்கு வைத்திருக்கிற குழுவைத் துணைப்பண்பாடு என்கிறோம். வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பவர்களைப் பாருங்கள். அவர்களுக்கென்று தனிச் சொற்கள், மூத்தவர்கள், விதிகள், தீராத சண்டைகள் எல்லாம் உண்டு. மற்ற நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நிற்கிறார்கள். ஊர் எப்படி நடக்க வேண்டும் என்று புறா வளர்ப்பவராக அவர் எதுவும் கேட்பதில்லை.

எதிர்ப்பண்பாடு ஊரின் அடிப்படை விதி ஒன்றையே தவறு என்கிறது. அதோடு நிற்காமல், அதற்குப் பதிலாக எப்படி வாழலாம் என்று வாழ்ந்தும் காட்டுகிறது. இந்த இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பக் கூடாது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மில்டன் யிங்கர் 1960இல் எழுதினார். நான் வைத்திருக்கும் சோதனை எளியது: அந்தக் குழு "எங்களை எங்கள் பாட்டுக்கு விடு" என்கிறதா, "நீ மாறு" என்கிறதா? முதலாவது துணை, இரண்டாவது எதிர். உடையையும் முடியையும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது.

2. சரி, பொதுச்சமூகம்னா யாரு? மெஜாரிட்டியா இருக்கிறவங்களா?

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலானவர்கள் கறி, மீன் சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் வாடகைக்கு வீடு தேடும்போது "சைவம் மட்டும்" என்ற நிபந்தனையை எத்தனை முறை கேட்கிறோம்? "அசைவம் மட்டும்" என்று எந்த வீட்டுக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "அசைவம்" என்பதையே சைவத்தை அளவுகோலாக வைத்துத்தான் சொல்கிறோம்.

ஆகவே, யாருடைய பழக்கம் விளக்கம் கேட்கப்படாமல் இயல்பாக நடமாடுகிறதோ, அவர்கள்தான் இந்த விஷயத்தில் பொதுச்சமூகம். பள்ளி, நீதிமன்றம், பத்திரிகை, வங்கி, கல்யாண மண்டபம் எல்லாம் அவர்கள் பழக்கத்துக்கு ஏற்பவே அமைந்திருக்கும். மற்றவர்கள்தான் "ஏன் இப்படி?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஆள் ஒரு விஷயத்தில் பொதுச்சமூகமாகவும் இன்னொன்றில் வெளியாளாகவும் இருப்பது சர்வ சாதாரணம்.

3. ரசிகர் மன்றத்தைக்கூட துணைப்பண்பாடுன்னு சொல்லலாமா? ஓவரா இல்ல?

தாராளமாகச் சொல்லலாம். முதல் நாள் முதல் காட்சி, கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம், மன்றத்தில் யார் மூத்தவர் என்ற கணக்கு, இன்னொரு நடிகரின் ரசிகரோடு பேசும் விதம் என்று எல்லாமே உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும் ஒழுங்கு. ஆனால் அதில் எதிர்ப்பு இல்லை. தலைவர், விசுவாசம், தாய்ப்பாசம், ஏழைக்கு உதவி என்று ஊர் ஏற்கெனவே மதிப்பதைத்தான் அவர்களும் இன்னும் சத்தமாக மதிக்கிறார்கள். 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது அவருடைய மன்றங்கள் அவ்வளவு சீக்கிரம் கட்சிக் கிளைகளாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. கானா? அது எதுல சேரும்?

இரண்டிலும் சேரும், காலத்தைப் பொறுத்து. வடசென்னைத் தலித் குடியிருப்புகளில் சாவு வீட்டு ராத்திரிகளில் பாடப்பட்டு வளர்ந்தது கானா. இறந்தவரின் வாழ்க்கை, துறைமுக வேலை, காதல், கடன், போலீஸ் எல்லாம் பாட்டில் வரும். டோலக் இருந்தால் டோலக், இல்லையென்றால் மேசையில் தட்டும் விரல்களே போதும். அந்தப் பகுதியின் துக்கத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் உரிய இசையாக இருந்தவரை அது துணைப்பண்பாடு. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தபோது தமிழ்நாடே அந்தத் தாளத்துக்கு ஆடியது. அந்தத் தாளம் பிறந்த தெருக்களைப் பற்றிய எண்ணம் மட்டும் மாறவில்லை.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" மேடை ஏறியபோது விஷயம் வேறாகிவிட்டது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த அந்தக் குழுவில் கானா பாடகர்கள் சாதியைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் நேருக்கு நேர் பாடினார்கள். ஆண்களின் உலகமாகவே இருந்த கானாவில் இசைவாணி என்ற பெண்ணின் குரல் முன்னால் நின்றது. 2020இல் பிபிசி தேர்ந்தெடுத்த நூறு பெண்களில் அவரும் ஒருவர். அதே 2020 டிசம்பரில் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் "மார்கழியில் மக்களிசை" நிகழ்ச்சியைத் தொடங்கியது. மார்கழி என்றாலே சபாக்களும் கர்நாடக இசையும்தான் என்று இருந்த ஊரில், அதே மாதத்தில் பறையையும் ஒப்பாரியையும் கானாவையும் மேடையேற்றுவது வெறும் கச்சேரி ஏற்பாடு கிடையாது. "எது இசை என்று முடிவு செய்வது யார்?" என்ற கேள்வி அதில் இருக்கிறது. 1ஆம் பதிலில் சொன்ன "நீ மாறு" இதுதான்.

5. இந்த புள்ளிங்கோ பசங்க... கலர் முடி, டியூக் பைக்கு. இவங்க என்னத்த எதிர்க்கிறாங்க?

எதையும் எதிர்ப்பதாக அவர்கள் சொல்லவில்லையே. கூட்டமாகச் சுற்றுவது, முடியை ஒரு விதமாக வெட்டுவது, ஒருவருக்காக ஒருவர் நிற்பது என்று அது ஒரு துணைப்பண்பாடு. பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்துப் பையன்கள். கையில் காசும் பேர் சொல்லும் வேலையும் இல்லாத வயதில், பார்த்தவுடன் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி தன்னை ஆக்கிக்கொள்ள ஒரு வழி. விலை உயர்ந்த கல்லூரியில் படிக்கிற பையன் அதே நிறத்தை முடியில் பூசினால் "ஸ்டைல்" என்கிறோம். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் வகுப்பில் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இந்த மிரட்சி புதிதில்லை. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் இரண்டு இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. ஒரு பக்கம் நேர்த்தியான சூட், ஸ்கூட்டர் என்று அலைந்த "மாட்ஸ்", இன்னொரு பக்கம் தோல் ஜாக்கெட், மோட்டார் பைக் என்று அலைந்த "ராக்கர்ஸ்". சில கண்ணாடிகள் உடைந்தன. பத்திரிகைகள் நாடே பற்றி எரிவதுபோல் எழுதின. ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து, நடந்த சேதத்துக்கும் எழுந்த கூச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டினார். கூச்சல் எழுந்த பிறகு போலீஸ் கெடுபிடி கூடும். கெடுபிடி கூடியதும் அதுவரை சும்மா இருந்த பையன்களும் "நாங்களும் அந்த கோஷ்டிதான்" என்று வந்து சேர்வார்கள். ஒரு சிகை அலங்காரத்தைக் குற்றமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அறுபது வருடத்துக்கு முந்தைய பாடம் இது.

6. ஹிப்பிங்கன்னா கஞ்சா அடிச்சுட்டு திரிஞ்சவங்கதானே? அதைப் போய் பண்பாடுங்கிறீங்களே?

போதைப்பொருள் இருந்தது, மறுக்கவில்லை. அதனால் நொறுங்கிய வாழ்க்கைகளும் உண்டு. ஆனால் 1960களின் அமெரிக்காவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியட்நாம் போருக்குப் பையன்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வேலை, புறநகரில் வீடு, கார், மறுபேச்சில்லாத தேசபக்தி என்பதுதான் வாழ்க்கை என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறை, "இந்த ஏற்பாட்டின் முடிவு போர்தான் என்றால் இது எங்களுக்கு வேண்டாம்" என்றது. 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹைட்-ஆஷ்பரி பகுதிக்கு ஆயிரக்கணக்கில் வந்து கூடினார்கள். இலவசச் சாப்பாடு, இலவச மருத்துவமனை, சொந்தபந்தம் இல்லாதவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் கம்யூன்கள் என்று நடத்திப் பார்த்தார்கள். பணம், குடும்பம், போர் என்ற மூன்று அடிப்படைகளிலும் பொதுச்சமூகத்தோடு முட்டிக்கொண்டதால்தான் "எதிர்ப்பண்பாடு" என்றதும் உலகம் முழுக்க அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

நமக்கு இதில் ஒரு தொடர்பும் உண்டு. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை நிலத்தில் 4 லட்சம் பேர் திரண்ட வுட்ஸ்டாக் இசைவிழாவில் தொடக்க உரை ஆற்றியவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிப்பாளையத்துக்காரர், இலங்கையில் பல வருடம் ஆசிரமம் நடத்தியவர். ஊரில் பெரியவர்கள் சொல்லும் யோகமும் தியானமும் அங்கே எதிர்ப்பண்பாடாக இருந்தன. ஒரே பழக்கம் ஓரிடத்தில் மரபு, இன்னோரிடத்தில் கலகம். எதற்கு எதிராக நிற்கிறது என்று தெரியாமல் ஒன்றை எதிர்ப்பண்பாடு என்று சொல்லவே முடியாது.

அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் நடுத்தர வர்க்க வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். சலித்துப்போனால் திரும்பிப் போக வீடு இருந்தது. பலர் திரும்பியும் போனார்கள். அடுத்த பதிலில் வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

7. நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் நடக்கலையே? நாமதான் எல்லாத்துக்கும் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போற ஆளுங்களாச்சே?

இந்தக் கேள்விதான் என்னை இதையெல்லாம் எழுத வைத்தது. ஹிப்பிகளுக்கு ரொம்ப காலம் முன்பே இங்கே நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் திருவிதாங்கூர் அரசில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியத் தடை. அய்யா வைகுண்டர் தம்மிடம் வந்தவர்களிடம் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடச் சொன்னார். கும்பிடும் இடத்தில் கண்ணாடி வைத்தார். தெய்வத்தைப் பார்க்கப் போனவர் தன் முகத்தைப் பார்ப்பார், அதுவும் தலைப்பாகையோடு. அரசு அவரைச் சிறையிலும் அடைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் இன்றும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள்.

அப்புறம் சுயமரியாதைத் திருமணம். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1925இல் தொடங்கியது. 1928இல் அருப்புக்கோட்டை பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறார்கள். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். யாராவது ஒரு தலைவர் தலைமை தாங்கிப் பேசுவார். தாலி வேண்டாம் என்றவர்களும் உண்டு. வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடத்தியவர்களும் உண்டு. சாதி மாறிய மணங்களும் விதவை மறுமணங்களும் இந்த முறையில் நடந்தன. பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தையும் பலர் வெட்டினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எதிர்ப்பை அவர்கள் வைத்த இடம். கூட்டத்தில் சாதியைத் திட்டிவிட்டு வீட்டுக் கல்யாணத்தில் ஐயரைத் தேடுவது சுலபம். கல்யாணத்திலேயே கைவைத்தால் அப்பா, அம்மா, மாமன், பங்காளி, ஊர் எல்லோரையும் ஒரே நாளில் எதிர்கொள்ள வேண்டும். அந்தத் தம்பதிகள் பலருக்கு வீட்டு வாசல் மூடப்பட்டது. திரும்பிப் போக இடம் வைத்துக்கொள்ளாமல் இறங்கியவர்கள் அவர்கள். எதிர்ப்பண்பாட்டுக்கு உலக அளவில் உதாரணம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

8. இப்ப சுயமரியாதைக் கல்யாணம் சட்டப்படி செல்லும். அப்ப அது இன்னும் எதிர்ப்பண்பாடா?

செல்லும் நிலைக்கு வரவே நாற்பது வருடம் ஆனது. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. மனைவி என்ற உரிமை, பிள்ளைகளின் வாரிசுரிமை எல்லாமே கேள்விக்குறி. அண்ணா முதலமைச்சரான 1967இல்தான் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. உறவினர் அல்லது நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக அறிவித்தாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அந்தத் திருத்தம் ஏற்றது.

ஒரு எதிர்ப்பண்பாடு சட்டமானால் அது ஜெயித்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஆனால் சடங்கை மாற்றியது பாதிதான். புரோகிதர் இல்லாமல், தலைவர் தலைமையில், ஒரே சாதிக்குள் ஜாதகப் பொருத்தமும் பார்த்து நடக்கிற திருமணங்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கே வடிவம் இருக்கிறது, மோதல் இல்லை. அதே சட்டத்தின் கீழ் சாதி மாறிக் கல்யாணம் செய்துவிட்டு உயிருக்குப் பயந்து காவல் நிலையத்துக்கு ஓடும் ஜோடிக்கு அது இன்றும் முழு அளவில் எதிர்ப்பண்பாடுதான்.

9. கடையில டீ-ஷர்ட்டா விக்க ஆரம்பிச்சா அந்த எதிர்ப்பு செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

உடை செத்துப்போகும். எதிர்ப்பு சாகுமா என்பது வேறு கேள்வி. 1976 வாக்கில் லண்டனில் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு நடுவே பங்க் என்ற முரட்டு ராக் இசையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் கிழிந்த சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடமே ஒரு பெரிய ஆடை வடிவமைப்பாளர் அலங்கார ஊக்கு வைத்த விலை உயர்ந்த கவுன்களைக் கொண்டுவந்துவிட்டார். பங்க் உடைகளை உருவாக்கிய விவியன் வெஸ்ட்வுட்டுக்கு 1992இல் அரசியே பட்டம் தந்தார். ஹைட்-ஆஷ்பரியில் இதை முன்கூட்டியே உணர்ந்த சிலர் 1967 அக்டோபரிலேயே "ஹிப்பி இறந்துவிட்டான்" என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். பத்திரிகைகளும் சுற்றுலா பஸ்களும் தங்களைக் காட்சிப் பொருளாக்கியதற்கு அவர்கள் சொன்ன பதில் அது.

ஹிப்ஹாப்பின் கதை கொஞ்சம் ஆறுதல் தருகிறது. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட விருந்திலிருந்து அதன் பிறப்பைச் சொல்கிறார்கள். இன்று அது கோடிகள் புரளும் தொழில். அதன் பிரேக்கிங் நடனம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாகவே நடந்தது. ஆனாலும் மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006இல் தமிழ் ராப் ஆல்பம் போட்டபோது, அந்த வடிவம் மலேசியத் தமிழ் இளைஞர்களுக்குச் சொந்தக் குரலாகவே பயன்பட்டது. விற்பனைக்கு வந்ததை வாங்கி, தங்கள் பேச்சுக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

10. எதிர்ப்பண்பாடுன்னாலே முற்போக்குதானே?

இல்லவே இல்லை. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்கின்ஹெட் (மொட்டைத்தலை) இளைஞர்கள் ஜமைக்கா இசையைக் கேட்டு வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆனாலும் அவர்களில் ஒரு பகுதியினர் தொடக்கத்திலிருந்தே தெற்காசியர்களைத் தெருவில் அடித்தார்கள். 1970களின் இறுதியில் பலர் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சியின் பக்கம் போனார்கள். பொதுச்சமூகத்தின் சமத்துவ விதியை எதிர்ப்பதும் ஒரு எதிர்ப்புதானே. பிற்பாடு அதே மொட்டைத்தலை, அதே பூட்ஸோடு இனவெறியை எதிர்த்த ஸ்கின்ஹெட்களும் கிளம்பினார்கள். எந்த விதியை எதிர்க்கிறார்கள், அது உடைந்தால் யார் மேல் விழும் என்று கேளுங்கள். மெச்சுவதா வேண்டாமா என்பது அப்போது தெரியும்.

11. அமெரிக்காவில் கரண்ட் இல்லாம வாழுற அமிஷ் மக்கள்? அவங்க எல்லாத்தையும்தானே மறுக்கிறாங்க?

நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். நிறைய மறுக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் மாற வேண்டும் என்று கேட்பதில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அவர்கள் கேட்டது விலக்கு மட்டும். 1ஆம் பதிலின் சோதனைப்படி துணைப்பண்பாடு. எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறார்கள் என்பது அளவுகோல் இல்லை என்பதற்கு இவர்களே நல்ல சாட்சி.

12. திருநங்கைகள் சமூகத்தை துணைப்பண்பாடுன்னு எழுதலாமா? புராஜெக்ட்ல எழுதினேன், ஒரு அக்கா கோவப்பட்டாங்க.

அந்த அக்காவின் கோபம் நியாயமானது. திருநங்கையாக இருப்பது ஒரு பண்பாட்டுத் தேர்வு கிடையாது; அது அவர் யார் என்பது. புறா வளர்ப்பவர் நாளைக்குப் புறாக்களை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இங்கே அப்படி ஒன்று இல்லை. ஆனால் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் சேர்ந்து கட்டிய உறவுமுறை இருக்கிறதே, மூத்தவர் தாயாகி மகள்களைத் தத்தெடுப்பது, ஜமாத் என்ற அவர்கள் கூட்டமைப்பின் கட்டுப்பாடுகள், தங்களுக்குள் பேசும் பரிபாஷை, சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டி மறுநாள் அறுத்து அழுவது... இவற்றைப் பற்றி எழுதும்போது துணைப்பண்பாடு என்ற சொல் பொருந்தும். ஆளையும் அவர்கள் கட்டிய வாழ்முறையையும் பிரித்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலின அடையாளத்தை ஏற்றது. தானாக எதுவும் வரவில்லை; கேட்டுப் போராடி வாங்கினார்கள். பாலினம் இரண்டுதான் என்ற விதியையே மாற்றச் சொன்ன இடத்தில் அவர்கள் குரல் 4ஆம் பதிலில் வரும் கானாக் கலைஞர்களின் குரலைப் போலத்தான் நின்றது.

13. பறை அடிக்கிறது முன்னாடி கேவலம்னாங்க. இப்ப காலேஜ் பசங்க கத்துக்கிறாங்க. இது எப்படி மாறிச்சு?

பறையை ஒரு சாதியின் கடமையாகத் திணித்திருந்தார்கள். சாவுக்கு அடிக்க வேண்டும், மறுக்க முடியாது. அதனால் அடிக்க மாட்டோம் என்று சொன்னதே ஒரு காலத்தில் பெரிய கலகம். பல ஊர்களில் பறையை விட்டார்கள், விட்டதற்காக அடியும் பட்டார்கள். பிறகு வேறொரு தலைமுறை அதையே எடுத்து, எங்கள் கலை, எங்கள் விருப்பத்துக்கு அடிப்போம் என்று போராட்ட மேடைகளில் முழக்கியது. விட்டதும் எதிர்ப்பு, எடுத்ததும் எதிர்ப்பு. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் கல்லூரியில் பறை கற்கிற பிள்ளைக்குக் கைத்தட்டும், ஊரில் சாவுக்கு அடிக்கிறவருக்குத் தனி டம்ளரும் கிடைக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. 2ஆம் பதிலில் சொன்ன பொதுச்சமூகம் கருவியை ஏற்றுக்கொண்டது. அடிப்பவரை ஏற்பதில் இன்னும் தயங்குகிறது.

14. என் பையன் ஏதோ ஒரு குரூப்ல சேர்ந்து முடி, பேச்சு எல்லாம் மாறிட்டான். நான் பயப்படணுமா?

முடிக்காகவும் பேச்சுக்காகவும் பயப்பட வேண்டாம். 5ஆம் பதிலைப் படியுங்கள். அந்தக் குழுவில் யாரைத் தாழ்வாகப் பேசுகிறார்கள், விலக நினைத்தால் விடுவார்களா, காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்ற மூன்றையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெண்களையோ இன்னொரு சாதியையோ மதத்தையோ கேவலப்படுத்துவதுதான் அங்கே கெத்து என்றால் பயப்படக் காரணம் இருக்கிறது, அவன் முடியை ஒழுங்காகவே வாரியிருந்தாலும். அப்படி எதுவும் இல்லையென்றால், அவன் கேட்கும் பாட்டை ஒருநாள் அவனோடு உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள், என்ன பிடித்தது என்று விசாரியுங்கள்.